டிவி போட்டுவிட்டால் போதுமா? முதியோர் பகல் மையத்தில் பேச்சு களைகட்ட என்ன செய்யணும்? கரிசல் மண்ணில் இருந்து ஒரு விளக்கம்

முதியோர் பகல் மையம் என்றதும் பெரும்பாலும் ஒரே காட்சிதான் கண்ணுக்கு வரும். சுவரை ஒட்டி வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். எதிரே டிவி. டிவியில் ஒரே சத்தம், நாற்காலிகளில் ஒரே அமைதி. காலையில் வந்தவர்கள் மதியம் சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து, மாலையில் கிளம்பும்வரை பக்கத்து நாற்காலிக்காரரிடம் நாலு வார்த்தைகூடப் பேசாமல் போவதுண்டு. செய்தி சேனல் இணையதளத்திலேயே 'டிவியை அணையுங்கள்' என்று எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் எழுதித்தான் ஆகணும்.

ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பேச ஒன்றுமில்லாதவர்கள் இல்லை. பேச்சை எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாதவர்கள். அந்த ஆளாக இருப்பது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

இந்தியாவில் முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் கேரளாவுக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்குத்தான். மத்திய அரசு வெளியிட்ட 'இந்தியாவில் முதியோர் 2021' அறிக்கையின் கணிப்புப்படி, 2021-ல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். 2031-ல் இது 18.2 சதவீதமாக உயரும். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர்.

இதையொட்டித்தான் 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 முதியோர் மையங்கள் 10 கோடி ரூபாயில் அமைக்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். 2025 நவம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திருச்சியில் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். காலையில் வரலாம், பகலில் இருக்கலாம், மாலையில் வீட்டுக்குப் போகலாம். முதியோர் இல்லம் வேறு, இது வேறு. பக்கத்தில் கேரளாவில் 'பகல் வீடு' என்ற பெயரிலேயே இப்படிப்பட்ட இடங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன.

கட்டடம் கட்டலாம், சாப்பாடு போடலாம், ஆளும் நியமிக்கலாம். ஆனா காலை பத்தரைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே இருக்கிற அந்த ரெண்டு மணி நேரத்தை என்ன செய்வது? அதற்கு பட்ஜெட்டில் தனித் தலைப்பு கிடையாது.

கோவில்பட்டி பக்கம் நிலைமை என்ன?

அன்புச்சோலை மாநகராட்சிகளை மனதில் வைத்து அறிவிக்கப்பட்ட திட்டம். கோவில்பட்டி நகராட்சி. அதைச் சுற்றி எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலை, அந்தப் பக்கம் சாத்தூர், சிவகாசி வரை பரந்து கிடப்பது கரிசல் பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி போடும் மானாவாரிக் காடுகள். இந்தப் பக்கம் நிலத்தைக்கூட 'காடு' என்றுதான் சொல்வார்கள். மழை பொய்த்தால் அந்த வருஷமே பொய்த்த மாதிரி. அதனால் இளவட்டங்கள் திருப்பூர், கோவை, சென்னை என்று கிளம்பிப் போவது இங்கே புதுசு இல்லை. பல ஊர்களில் பகலில் தெருவில் நடந்தால் திண்ணையில் தெரிவதெல்லாம் வெள்ளைத் தலைகள்தான்.

ஆகவே பெயர்ப்பலகை மாட்டிய மையம் இருந்தால்தான் இது நடக்கும் என்றில்லை. ஊர்ச் சாவடி, சமுதாயக்கூடம், நூலகம், கோயில் மண்டபம், வேப்பமரத்து நிழல் எதுவும் போதும். எட்டு பத்து பேர், ஒரு முக்கால் மணி நேரம், நடத்த ஒருவர். கோவில்பட்டியில் கல்லூரி படிக்கும் தம்பி தங்கைகள்கூட வாரம் ஒருநாள் இதைச் செய்ய முடியும்.

இன்னொரு விஷயம். கதை சொல்வதில் இந்த ஊரைச் சும்மா சொல்லிவிட முடியாது. கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி என்று சாகித்ய அகாடமி விருது பெற்ற இரண்டு எழுத்தாளர்கள் வந்திருக்கிறார்கள். பெரிய பள்ளிப் படிப்பு இல்லாத கி.ரா. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் வருகைப் பேராசிரியராக இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் வாயில் புழங்கிய சொற்களைச் சேர்த்து, 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டு வந்தார். அவர் சேகரித்த நாட்டுப்புறக் கதைகள் தனித் தொகுதி. 2021 மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதை கொடுத்தார்கள். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கமும் இருக்கிறது. அந்தச் சொற்களுக்கும் கதைகளுக்கும் ஊற்று யார்? இதே மாதிரி திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆட்கள்தான்.

பேசினால் என்ன கிடைக்கும்?

'வயசானவங்க பழங்கதை பேசிக்கிட்டே இருப்பாங்க' என்று சலித்துக்கொள்கிறோம் இல்லையா? ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். பழையதை அசைபோடுவது மூப்பின் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். 1963-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, தேவையானது என்பது அவர் வாதம். நினைவுகளைக் குழுவாகப் பேசும் முறைகள் முதியோர் மையங்களில் பரவ அது ஒரு தொடக்கம்.

அடுத்த கட்டம் பிரிட்டனில். ஆரம்ப, நடுத்தர நிலை மறதி நோய் உள்ளவர்களுக்காக 'அறிவுத் தூண்டல் சிகிச்சை' என்ற குழு உரையாடல் முறையை உருவாக்கினார்கள். மொத்தம் 14 அமர்வுகள், ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம், வாரத்துக்கு இரண்டு. 2003-ல் வெளியான ஆய்வில், இதில் கலந்துகொண்டவர்களின் நினைவுத்திறனும் வாழ்க்கைத் தரமும் மற்றவர்களைவிட மேம்பட்டது தெரியவந்தது. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனம் இந்த முறையைத் தமிழ்நாட்டுப் பழக்கவழக்கத்துக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறது.

மறதி நோய் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். 2024-ல் லான்செட் ஆணையம் மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரையோடு அந்தப் பட்டியலில் காது கேளாமையும், ஆள் தொடர்பில்லாமல் ஒதுங்கி இருப்பதும் இருக்கின்றன. 2025-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. ஆக, 'சும்மா பேசிக்கிட்டு இருக்காங்க' என்பது அவ்வளவு சும்மா இல்லை.

முதல் கேள்வியிலேயே கோட்டை விடுவது எப்படி?

"தாத்தா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தால் போதும். காரியம் கெட்டது.

ஞாபகம் இருக்கா என்பது கேள்வி மாதிரி தெரியலாம். வயதானவர் காதில் அது பரீட்சையாக விழும். இல்லை என்றால் அவமானம், ஆமாம் என்றால் அதோடு முடிந்தது. "உங்க கல்யாணம் எந்த வருஷம்?", "காமராஜர் எப்போ முதலமைச்சர் ஆனார்?" எல்லாமே இதே ரகம். மேலே சொன்ன பிரிட்டன் முறையின் அடிப்படையே, தகவலைக் கேட்காதே, அபிப்பிராயத்தைக் கேள் என்பதுதான். அபிப்பிராயத்துக்கு மார்க் கிடையாது, தப்பும் கிடையாது.

உதாரணம் பாருங்கள். "கம்மஞ்சோறு சாப்பிட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் 'ம்' என்று ஒரு பதில் வரும். அதையே, "ஆச்சி, கம்பு இடிக்கும்போது தண்ணி தெளிச்சு இடிக்கணுமா, அப்படியே இடிக்கணுமா?" என்று கேளுங்கள். ஒரு ஆச்சி ஒன்று சொல்வார். எதிரே இருப்பவர், "அப்படி இடிச்சா உமி எங்க போகும்?" என்பார். மூணாவது ஆள் உலக்கை பிடிக்கிற மாதிரி கையை ஓங்குவார். மிச்சச் சோற்றை உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டு வைப்பது, காலையில் கரைத்துக் குடிக்கத் தொட்டுக்க வெங்காயமா, மோர் வத்தலா, துவையலா என்று பேச்சு தானாக ஓடும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். குறுக்கே போகாமல் இருப்பது.

தெரியாதவராக இருப்பது இங்கே ஒரு வசதி. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கமலை இறைப்பது எப்படி என்று தெரியாது. நடிக்கத் தேவையே இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்பவருக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். தெரிந்துவைத்துக்கொண்டு சோதிப்பவரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கையில் ஏதாவது கொடுங்கள்

வெறும் கேள்வியைவிடக் கையில் பிடிக்கிற பொருள் வேகமாக வேலை செய்யும். பிரிக்காத பருத்திச் சுளை, பழைய மரக்கால், படி, ஒரு தீப்பெட்டி, கடலை மிட்டாய்.

அதிலும் தீப்பெட்டி இந்த ஊரில் வெறும் தீப்பெட்டி இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் எழுபது வயதுப் பெண்கள் பலர் சின்ன வயதிலேயே 'தீப்பெட்டி ஆபீசுக்கு' வேலைக்குப் போனவர்கள். வீட்டில் இருந்தபடியே பெட்டி ஒட்டியவர்கள். ஒரு காலிப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "இதை எப்படி ஒட்டுவீங்க?" என்று கேட்டால் வாய் பேசுவதற்கு முன்பே விரல் பேசும். பசை எப்படிக் காய்ச்சுவது, ஒரு நாளைக்கு எத்தனை ஒட்டுவது, என்ன கூலி, யார் கணக்கில் ஏமாற்றினது எல்லாம் வரும். பள்ளிக்கூடம் போக முடியாமல் போனதும் வரும். அது வரும்போது சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விடாதீர்கள்.

கடலை மிட்டாய் எடுத்தால் 2020-ல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டலாம். "அந்தக் காலத்து ருசி இப்போ இருக்கா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால் அரை மணி நேரம் உத்தரவாதம். (சர்க்கரை உள்ளவர்களுக்குப் பார்க்க மட்டும் கொடுங்கள். அதுக்கும் ஒரு சண்டை வரும், நல்லதுதான்.)

பொருள் கிடைக்கவில்லையா? சொல் ஒன்று போதும். கி.ரா. அகராதியை நூலகத்தில் எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி, ஒரு சொல்லை வாசித்து, "இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து மைல் தள்ளிய ஊரில் வேறு சொல் இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்கள் மூணாவதாக ஒன்று சொல்வார்கள். தமிழ் இலக்கியம் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வகுப்பறையில் வட்டார வழக்கு பற்றி நடத்தியதைவிட இப்படி ஒரு மணி நேரத்தில் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம்.

தினசரி செய்தி வாசிப்பதும் கைவிடாது. படிப்பகத்திலும் டீக்கடையிலும் ஒருவர் சத்தமாகப் பேப்பர் படிக்க, மற்றவர்கள் கருத்துச் சொல்வது நமக்குப் புதுசு இல்லையே. முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது 2023-ல். அது எதுக்குப் பத்தும், எதுக்குப் பத்தாது? மக்காச்சோளம் வந்தபிறகு கம்பும் சோளமும் குறைந்தது நல்லதா, கெட்டதா? 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானது, அது ஊருக்கு லாபமா? இன்னமும் 'திருநெல்வேலி ஜில்லா' என்று சொல்பவர்கள் ஒரு பக்கம் உட்காரட்டும். பட்டிமன்றம் மாதிரி ஆகிவிட்டால் இன்னும் நல்லது. நடுவராக மட்டும் நீங்கள் உட்காராதீர்கள். அதுக்கு அங்கேயே தகுதியான ஆள் இருப்பார்.

உட்கார வைப்பதில் இருக்கிறது பாதி விஷயம்

வரிசை நாற்காலி என்றால் முன்னால் இருப்பவரின் பின்மண்டையோடுதான் பேச முடியும். வட்டமாகப் போடுங்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டம். டிவியை அணையுங்கள். மிக்சி ஓடும் சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டாம். கடகடக்கும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் காது மந்தமானவருக்கு எதுவும் விளங்காது.

கேட்கவில்லை என்றதும் கத்துகிறோம். அது தப்பு. வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது கீச்சுக் குரல்தான். கத்தினால் குரல் இன்னும் கீச்சாகும். முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்கள். பலர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் ஆர்வமின்மை இல்லை, காதுதான். ஒருவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லி அடுத்தவரிடம் கொண்டுபோனால் அவர்களும் உள்ளே வருவார்கள். "அண்ணாச்சி சொல்றாரு, அந்தக் காலத்துல மில் சங்கு ஊதினதை வச்சுத்தான் இவங்க வீட்டுல அடுப்பு பத்த வைப்பாங்களாம். உங்க தெருவுல எப்படி?" இப்படி.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் தேடி எடுக்க அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த அமைதி தாங்காமல் நாமே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிற கோளாறு.

ஒருத்தரே பேசிக்கிட்டிருந்தா?

எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது கட்சிக்காரர். அவரை "கொஞ்சம் பொறுங்க" என்று அடக்கினால் நாளைக்கு வர மாட்டார். வேலை கொடுங்கள். பேப்பர் வாசிக்கிற பொறுப்பு, யார் யார் இன்னும் பேசலை என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு. பேச்சு ருசி தெரிந்தவருக்கு அடுத்தவரைப் பேச வைக்கவும் தெரியும்.

பேசாதவரை, "நீங்க ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்கவே கூடாது. பூ கட்டக் கொடுங்கள், உளுந்தில் கல் பொறுக்கக் கொடுங்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் இளகும். பெண்கள் விஷயத்தில் இது ரொம்ப உண்மை. ஆண்களும் பெண்களும் சேர்ந்து இருக்கிற வட்டத்தில் வாழ்நாள் முழுக்க ஆண்கள் பேசக் கேட்டே பழகிய ஆச்சிகள் வாய் திறக்க மாட்டார்கள். முதல் சில வாரங்கள் பெண்களுக்குத் தனி வட்டம் வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாரும் சுலபமாகத் தாண்டிப் போகிற விஷயம்

கரிசல் பூமியில் ஒரு வட்டம் போட்டு ஆட்களை உட்கார வைத்தால், யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பது தற்செயல் இல்லை. சாதி அங்கேயும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். எழுபது வயதுக்காரரை, அவர் எந்தத் தெரு என்று தெரிந்ததும் 'வாப்பா, போப்பா' என்று ஒருமையில் கூப்பிடும் பழக்கம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. மையத்தை நடத்துபவர்களே அறியாமல் அதைச் செய்துவிடுவதும் உண்டு.

இதற்குப் பெரிய பிரசங்கம் வேண்டாம். நடைமுறை போதும். எல்லோரும் 'ஐயா', 'அம்மா', அல்லது எல்லோரும் 'தாத்தா', 'ஆச்சி'. ஒருத்தருக்கு ஒரு மாதிரி கூடாது. எல்லோருக்கும் ஒரே டம்ளர். உட்காரும் இடம் தினம் மாறணும், அதையும் சீட்டுப் போட்டு மாற்றணும். "உங்க தெரு எது?" என்பது பேச்சைத் தொடங்குகிற கேள்வி இல்லை.

அப்படியும் ஒருநாள் பழைய டீக்கடைப் பேச்சு வரும். யாருக்குக் கண்ணாடி டம்ளர், யாருக்குத் தேங்காய்ச் சிரட்டை என்று ஒருவர் சொல்லத் தொடங்குவார். 'அதெல்லாம் இப்போ எதுக்கு, நல்லதா பேசுவோம்' என்று ஒரு குரல் எழும். நடத்துபவர் அந்த இடத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில்தான் அந்த வட்டம் யாருடையது என்பது முடிவாகும். சொல்ல வந்தவர் சொல்லி முடிக்கட்டும். மற்றவர்கள் தினமும் தங்கள் பழைய காலத்தைப் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள், இதுவும் ஒருவரின் பழைய காலம்தான். வாக்குவாதமாக மாறினால் அன்றைக்கு அங்கேயே நிறுத்தி, இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசலாம். சொன்னவரிடம் முதலில் பேசுங்கள்.

அழுதுவிட்டால் என்ன செய்வது?

கல்யாணச் சாப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருப்போம், ஒரு அம்மா திடீரென்று அழுவார். இறந்துபோன மகன் ஞாபகம் வந்திருக்கும். பதறிப்போய், "சரி சரி, எல்லாரும் ஒரு பாட்டுப் பாடுவோம்" என்று மாற்றுவதுதான் மோசம். பக்கத்தில் உட்கார்ந்து, மகன் பேர் என்ன என்று கேளுங்கள். ஊரில் அந்தப் பேரைச் சொல்லவே யாரும் விடுவதில்லை என்பதுதான் பலருடைய குறை. அழுகை நாள்கணக்கில் தொடர்ந்தாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். வீட்டில் அடி, ஏச்சு, சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டது மாதிரி எதுவும் பேச்சில் வெளிப்பட்டால், முதியோர் உதவி எண் 14567. கட்டணமில்லாத எண். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது என்பதும் அந்த வட்டத்தில் ஒருநாள் பேச வேண்டிய தலைப்பு.

மறதி உள்ளவர், இறந்துபோன கணவர் காட்டிலிருந்து வந்துவிடுவார் என்று சொன்னால் திருத்தாதீர்கள். "அவர் என்ன போட்டிருக்காரு காட்டுல? பருத்தியா, உளுந்தா?" என்று கேட்டால் பேச்சு தொடரும், அவர் மனசும் நோகாது.

கைதட்டல் விளையாட்டு வேண்டாமே

ஒரு சின்ன ஆதங்கம். சில இடங்களில் முதியோர் நிகழ்ச்சி என்றால் பலூன் ஊதவிட்டு, எல்கேஜி பாட்டுக்குக் கைதட்ட வைக்கிறார்கள். நாலு பிள்ளைகளை வளர்த்து, பஞ்சத்தைப் பார்த்து, கமலை இறைத்து வந்தவர்களைப் 'பாப்பா மாதிரி' என்று கொஞ்சுவது பாசம் இல்லை. அவர்களுக்கு விருப்பம் இருந்தால் ஆடட்டும், பாடட்டும். ஆனா தலைப்பு அவர்களுடையதாக இருக்கணும். ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது "நாளைக்கு எதைப் பத்திப் பேசலாம்?" என்று கேட்டு, அதைப் பலகையில் எழுதி வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் வீட்டிலிருந்தே அதைப் பற்றி யோசித்துக்கொண்டு வருவார்கள். சிலர் டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பழைய போட்டோவோடு வருவார்கள்.

கடைசியாக, செல்போன். பேச்சு களைகட்டியதும் வீடியோ எடுக்கத் தோன்றும். 'பாட்டி சொன்ன கெட்ட வார்த்தை' என்று ரீல்ஸ் போட்டால் நிறைய பேர் பார்ப்பார்கள்தான். ஆனால் அந்த வட்டத்தில் சொன்னது மருமகள் போனுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எடுக்கும் முன் கேளுங்கள். எடுத்ததைப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.